சின்னதாகிப்போன பாப்பா துணிகள்: சிங்கப்பூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளை பிறந்த வீட்டில் துணிக்குப் பஞ்சம் இருக்காது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு செட் கொடுத்திருப்பார்கள். ஊரிலிருந்து வந்த பாட்டி பெட்டி நிறையக் கொண்டுவந்திருப்பார். டயப்பர் வாங்க முஸ்தபா கடைக்குப் போன அப்பாவும் வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார். ஆறே மாதத்தில் அதில் பாதி சின்னதாகிவிடும். அந்த மூட்டையை என்ன செய்வது என்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மாற்றி மாற்றிக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுப்பதென்றால் சீக்கிரம் கொடுங்கள், முடிந்தால் தெரிந்த ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். மற்ற வழிகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சட்டையில் போட்டிருக்கும் வயதை நம்பலாமா? எப்போது ஒதுக்குவது?

வயதை நம்ப வேண்டாம். நிறைமாதத்தில் பிறந்த பிள்ளை ஏறக்குறைய 50 செண்டிமீட்டர் இருக்கும். ஒரு வயதுக்குள் 75ஐ எட்டிவிடும். எடை ஐந்து மாத வாக்கில் இரண்டு மடங்கு, முதல் பிறந்தநாளில் மூன்று மடங்கு. இந்த வேகத்துக்கு எந்த லேபிளும் ஈடுகொடுக்காது. ஒரு கடையின் ‘3–6 மாதம்’ இன்னொரு கடையின் ‘0–3’ ஆக இருக்கும். 56, 62, 68, 74 என்று செண்டிமீட்டர் போட்ட லேபிள் இருந்தால் அதைப் பார்ப்பது மேல்.

அதைவிடப் பிள்ளையே காட்டிக்கொடுத்துவிடும். ரொம்பரின் கீழ்ப்பட்டனைப் போடும்போது தோள் இழுபடும். தொடையில் எலாஸ்டிக் தடம் விழும். தலை வழியாக மாட்டும்போது ஊரைக் கூட்டும். அன்றைக்கே அந்தத் துணியைத் தனிப்பையில் போட்டுவிடுங்கள். துவைத்து மடித்து மறுபடி அலமாரியில் வைத்தால் அடுத்த இரண்டு மாதம் அது அங்கேயேதான் கிடக்கும்.

முதலில் யாரிடம் கேட்பது?

உறவில், நட்பில், அதே புளோக்கில். உங்கள் பிள்ளையைவிட நான்கு முதல் எட்டு மாதம் இளைய பிள்ளை இருக்கும் வீடு மிகவும் வசதி. நீங்கள் ஒதுக்கும்போது அவர்களுக்குத் தேவைப்படும். இங்கே மழைக்காலம் வெயில்காலம் என்று துணி மாற்றும் தொல்லை கிடையாது, வருடம் முழுக்க ஒரே மெல்லிய பருத்திதான். அதனால் எந்த மாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் எந்த மாதத்திலும் கொடுக்கலாம். குளிர் நாடுகளில் இந்த வசதி இல்லை.

கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்காதீர்கள், அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போய்விடும். துணிகளைத் தரையில் பரப்பி ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். “அண்ணி, பாப்பாவுக்குச் சின்னதாகிவிட்டது. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை நான் வேறு இடத்தில் கொடுத்துவிடுகிறேன்” என்று ஒரு வரி. அந்தக் கடைசிப் பாதி முக்கியம். அது இருந்தால்தான் வாங்குபவருக்கு மூச்சு விட முடியும். கொடுத்த பிறகு “அந்த மஞ்சள் சட்டை போட்டுவிட்டீர்களா?” என்று விசாரிக்கவும் கூடாது.

பழைய துணி கொடுத்தால் மட்டமாக நினைக்க மாட்டார்களா?

நம் வழக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு முதலில் போடுவதே பழந்துணிதான். பல முறை துவைத்து நூல்நூலாய் மெத்தென்று ஆன வேட்டியிலும் பருத்திப் புடவையிலும்தான் பச்சைப்பிள்ளையை ஏந்துவார்கள். தூளி கட்டுவதும் பாட்டியின் பழம்புடவையில்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. புதுத்துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும், பிள்ளையின் தோல் தாங்காது. ஆக, இருபது முறை துவைத்த ஜப்லாவைக் கொடுப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கறையோடும் பட்டன் இல்லாமலும் கொடுத்தால்தான் கூச்சப்பட வேண்டும்.

மாமியார் வெளியாருக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறார். கண்ணு படும், பிள்ளையின் துணியை வைத்து ஏதாவது செய்துவிடுவார்கள் என்கிறார்.

இதைச் சிரித்து ஒதுக்கிவிட்டால் சண்டைதான் மிஞ்சும். பல வீடுகளில் இதற்கு ஒரு சமாதான வழி வைத்திருக்கிறார்கள். துணியைக் கல்லுப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவைத்துக் கொடுப்பார்கள். உப்பால் துணிக்குக் கெடுதல் இல்லை, மாமியாருக்கும் நிம்மதி. முதல் முதலில் போட்ட சட்டை, பெயர் சூட்டும்போது உடுத்தியது போன்ற ஒன்றிரண்டை வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னால் மீதிக்கு அவர் மறுப்புச் சொல்வது குறையும். பெயர் தைத்த துணி, பிள்ளையின் பெயர் எழுதிய லேபிள் இருந்தால் பிரித்துவிடுங்கள். இதை நான் நம்பிக்கைக்காகச் சொல்லவில்லை, முன்பின் தெரியாதவர் கைக்கு உங்கள் பிள்ளையின் முழுப்பெயர் போக வேண்டாம் என்பதற்காகத்தான்.

அடுத்த பிள்ளைக்கு என்று எடுத்துவைக்கலாமா?

அடுத்த பிள்ளை ஓரிரு வருடத்தில் என்று முடிவாகிவிட்டால் வையுங்கள். ‘ஒருவேளை’ என்றால் வேண்டாம். சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 2023இல் 0.97, அதாவது சராசரியாக ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை. ஒருவேளைக்காகக் காத்திருக்கும் பெட்டிகள் இந்தத் தீவில் நிறைய இருக்கின்றன, அவற்றுக்குள் துணி கெட்டுக்கொண்டிருக்கிறது.

கெடுப்பது நம் ஊர்க் காற்றின் ஈரம். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில் மூடிவைத்த துணி சும்மா இருக்காது. போதாக்குறைக்கு நாம் பெட்டியைக் கொண்டுபோய் வைக்கும் இடம் பெரும்பாலும் பாம் ஷெல்டர் என்னும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை. 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் இருக்கும் அந்தக் கனத்த கதவு போட்ட அறைக்குக் காற்றோட்டமே குறைவு. ஒரு வருடம் கழித்துத் திறந்தால் கழுத்துப்பட்டையில் பழுப்பு வட்டம், மடிப்பில் கரும்புள்ளி, தொட்டால் பொடியாகும் எலாஸ்டிக்.

வைத்தே ஆக வேண்டும் என்றால், எண்ணெய்ப் பிசுக்குப் போக இரண்டு முறை துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அதன் படலமும் மஞ்சளாகும். நன்றாக வெயில் அடிக்கும் நாளில் கழியில் போட்டு மொறுமொறுவென்று காயவிடுங்கள், சூடு ஆறிய பிறகு மடியுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டு, படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அட்டைப்பெட்டி வேண்டவே வேண்டாம், அது வெள்ளிப்பூச்சிக்குச் சாப்பாடு. பெட்டி மேல் அளவை எழுதி ஒட்டுங்கள். பெட்டி ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது என் கணக்கு. ரொம்பர் விலை குறைவு, வீட்டின் சதுர அடிதான் விலை அதிகம்.

பூச்சி வராமல் அந்துருண்டை போட்டு வைக்கலாமா?

பிள்ளைத்துணிக்குக் கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அந்துருண்டை, பாச்சை உருண்டை என்று நாம் சொல்லும் அந்த வெள்ளை உருண்டைகளில் பல நாப்தலீனால் ஆனவை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அதன் ஆவியே போதும். சிவப்பணுக்கள் உடைந்து, ரத்தம் குறைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். பச்சிளம் பிள்ளைக்கு அந்தக் காமாலை மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போகக்கூடும். இந்தக் குறைபாடு நம் வட்டாரத்தில் அபூர்வமானதல்ல. மரபுவழி வருவது, ஆண்பிள்ளைகளிடம் அதிகம். அதனால்தான் சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் பிள்ளைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் முடிவு சுகாதாரப் புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

“எங்கள் பிள்ளைக்கு அந்தக் குறை இல்லையே” என்பது பதிலாகாது. துணி நாளைக்கு யார் வீட்டுக்குப் போகும் என்று தெரியாது. உங்களுக்கே அடுத்து பிறக்கும் பிள்ளைக்கு இருக்கலாம். இன்னொன்றும் உண்டு: நாப்தலீன் எண்ணெயில் கரையும், எண்ணெய் பூசிய தோல் அதை இன்னும் எளிதாக உறிஞ்சும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பெட்டியிலிருந்து எடுத்த சட்டையை மாட்டுவது நம் வீடுகளில் அன்றாடம் நடப்பதுதானே.

யாராவது கொடுத்த துணியில் அந்த வாடை வந்தால், ஒரு முறை துவைத்துவிட்டுப் போட்டுவிடாதீர்கள். பல நாள் வெளிக்காற்றில் தொங்கவிட்டு, துவைத்து, மறுபடி தொங்கவிட வேண்டும். பிள்ளைக்கு ஜி6பிடி குறைபாடு இருந்தால் அந்தத் துணியே வேண்டாம். பிள்ளையின் கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால், சிறுநீர் தேயிலை நிறத்தில் போனால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நாப்தலீனுக்குப் பதில் கற்பூரம் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அதுவும் சின்னப்பிள்ளைகளுக்கு ஆகாத பொருள்தான், வேண்டாம். பருத்தியைப் பூச்சி அவ்வளவாக அரிக்காது. அழுக்கும் ஈரமும் இல்லாமல் இருந்தாலே போதும்.

கறை போகவில்லை. கொடுப்பதற்கு முன் என்ன செய்வது?

எந்தக் கறை என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

பால், கக்கல், மலம் எல்லாம் புரதக்கறை. முதலில் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் ஊற்றினால் புரதம் நூலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு நொதி கலந்த சலவைத்தூளில் ஊறவைத்துத் துவைக்கலாம். வெள்ளையாக மடித்து வைத்த துணி பெட்டிக்குள் மஞ்சளாவதற்கும் இந்தப் பால்தான் காரணம். கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய கொழுப்பும் புரதமும் காற்றுப்பட்டு மெல்ல நிறம் மாறுகின்றன. அதற்கு ஆக்சிஜன் வகை வெளுப்புத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஓர் இரவு ஊறவிட்டால் பெரும்பாலும் போய்விடும். பட்டுக்கும் கம்பளிக்கும் அது வேண்டாம். குளோரின் கலந்த வெளுப்புநீர் எலாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

மஞ்சள் கறையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பருப்புச்சாதம் ஊட்ட ஆரம்பித்த பிறகு பிள்ளையின் கழுத்தில் கட்டும் எந்தப் பிப்பும் தப்பாது. சோப்புப் பட்டால் அது செங்காவியாக மாறும், பயந்துபோய் இன்னும் தேய்ப்போம். தேவையே இல்லை. துவைத்துவிட்டு ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறமி வெயில் தாங்காது, நிறைய வெயில் அடித்தால் அன்று சாயங்காலத்துக்குள்ளேயே வெளிறிவிடும். மழைநாளானால் அடுத்த நாளும் போடுங்கள்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் கழுத்துப்பட்டையில் ஏறியிருந்தால், காய்ந்த துணியில் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்துச் சுடுநீரில் துவையுங்கள். சிக்குவாடை வருகிறதா என்று மூக்கருகே வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெயை மூக்கு கண்டுபிடித்துவிடும்.

வாழைப்பழக் கறையோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள். முதலில் தெரியாது, காய்ந்ததும் கறுத்துவிடும், கறுத்த பிறகு பெரும்பாலும் போகாது. அந்தத் துணி துடைப்புத்துணிக் கணக்கில் சேரட்டும். கண்மை பட்டதும் அப்படித்தான்.

எதையெல்லாம் கொடுக்கவே கூடாது?

உங்கள் பிள்ளைக்கு இன்றைக்கு மாட்டி வெளியே கூட்டிப்போகத் தயங்குவீர்கள் என்றால் அதைக் கொடுக்காதீர்கள். ஜட்டி, நைந்த சாக்ஸ், பூசணம் பிடித்தது, தளர்ந்த பட்டன் உள்ளது எல்லாம் விலக்கு. பட்டன் பிள்ளையின் வாய்க்குள் போகும். தொப்பியிலோ கழுத்திலோ கயிறு இருந்தால் உருவிவிட்டுக் கொடுங்கள்.

அறக்கொடைக் கடைகளில் எங்கே கொடுக்கலாம்?

சால்வேஷன் ஆர்மியின் கடைகள் பலருக்கும் தெரிந்தவை. வாட்டர்லூ ஸ்திரீட் 96ஆம் எண்ணில் ‘நியூ2யூ’ என்றொரு சிறிய கடை இருக்கிறது. எஸ்சிடபிள்யூஓ என்னும் மாதர் அமைப்புகளின் மன்றம் நடத்துவது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அடைக்கலம் தரும் ஸ்டார் ஷெல்டர் இல்லமும் இதே மன்றத்தினுடையதுதான். மைண்ட்ஸ் அமைப்பின் கடைகளில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் வேலை பழகுகிறார்கள், துணியைப் பிரிப்பதும் அடுக்குவதும் அவர்களுக்குப் பயிற்சி. தேக்காவுக்குப் போகும் வழியில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதால் வாட்டர்லூ ஸ்திரீட் எனக்குப் பிடித்த இடம்.

எங்கே போனாலும் ஒரு நாள் முன்னதாக அவர்களின் இணையப்பக்கத்தைப் பாருங்கள் அல்லது அழைத்துக் கேளுங்கள். தீபாவளிக்கு முன்னும் சீனப் புத்தாண்டுக்கு முன்னும் ஊரே வீட்டைக் கழுவும், அப்போது இடமில்லை என்று நிறுத்திவைப்பார்கள். மூடியிருக்கும் கடை வாசலில் பையை வைத்துவிட்டு வருவதைத் தானம் என்று யாரும் எண்ண வேண்டாம். இரவு மழை பெய்தால் அந்தப் பை குப்பை, அதை அப்புறப்படுத்தும் செலவும் அந்த அமைப்புக்குத்தான்.

அளவு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பையிலும் ‘6 முதல் 12 மாதம்’ என்பது போல எழுதிக் கொடுங்கள். அங்கே பிரிப்பவர்களில் பலர் தொண்டூழியர்கள்.

கஷ்டப்படும் குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுக்க ஆசை.

உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்திலோ சமூக மன்றத்திலோ கேளுங்கள். பல இடங்களில் அவர்களுக்கு வேண்டியது துணியாக இருக்காது. டயப்பர், பால்மாவு, பேரங்காடிப் பற்றுச்சீட்டு என்பார்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். யாருக்கு என்ன தேவை என்று அவர்களுக்குத் தெரியும்.

விற்றால் காசு வருமா?

கொஞ்சம். 2012இல் சிங்கப்பூரிலேயே தொடங்கிய காரோசெல் இணையச்சந்தையில்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். ஒற்றைச் சட்டையாக விற்க உட்காராதீர்கள். மூன்று வெள்ளிக்கு ஒருவர் பத்துக் கேள்வி கேட்பார், கடைசியில் வர மாட்டார். ஒரே அளவில் பத்துப் பன்னிரண்டு துணியைச் சேர்த்து ஒரு கட்டாகப் போடுங்கள், விலை சொல்லும் முன் அதே போன்ற கட்டுகள் என்ன விலைக்குப் போட்டிருக்கின்றன என்று பாருங்கள். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், கறை இருந்தால் கறையையும் எடுங்கள். கடை லேபிள் பிரிக்காத பரிசுத்துணிக்கு நல்ல விலை கிடைக்கும். கொடுத்தவர் அதே தளத்தில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பது எம்ஆர்டி நிலைய வாசலில், பணம் பேநவ்வில் (கைப்பேசி வழியாக உடனே அனுப்பும் முறை), துணியைக் கையில் பார்த்த பிறகு. யாராவது ‘இந்த இணைப்பைத் தட்டினால் பணம் வரும்’ என்று அனுப்பினால் தட்டாதீர்கள்.

இலவசமாகக் கொடுத்தால்?

அதற்கு இங்கே ‘பிளெஸ்ஸிங்’ என்று சொல்கிறார்கள். ஃபேஸ்புக்கிலும் டெலிகிராமிலும் வட்டார வாரியாகக் குழுக்கள் இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் பத்துப் பேர் கேட்பார்கள். முதலில் கேட்டவருக்குத்தான் என்று கட்டாயமில்லை. எந்த அளவு வேண்டும், எப்போது வந்து எடுக்க முடியும் என்று ஒழுங்காக எழுதியவருக்குக் கொடுங்கள். இலவசம் என்றதும் அள்ளிக்கொண்டுபோய் விற்பவர்களும் உண்டு. அதைக் கண்டு மனம் வெறுக்கத் தேவையில்லை, எப்படியும் ஒரு பிள்ளை அதைப் போடப்போகிறது.

மின்தூக்கி வாசலிலோ கீழ்த்தளத்திலோ வைத்து, ‘வேண்டியவர் எடுத்துக்கொள்ளவும்’ என்று எழுதி ஒட்டலாமா?

வேண்டாம். தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. பொது இடத்தில் கேட்பாரற்று வைத்த பை குப்பைதான், அதைத் துப்புரவு ஊழியர்தான் சுமக்க வேண்டும்.

நீல மறுசுழற்சித் தொட்டியில் போடலாமா?

கூடாது. அது காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றுக்கானது. பாதி குடித்த மைலோ பாக்கெட்டோடு சேர்ந்து ஊறிய துணியால் யாருக்கும் பயனில்லை.

அப்படியானால் துணிக்கென்று தனித்தொட்டி இருக்கிறதா?

இருக்கிறது. க்ளூப் என்ற உள்ளூர் நிறுவனத்தின் தொட்டிகளைக் கடைத்தொகுதிகளிலும் கூட்டுரிமை வீடுகளிலும் பார்க்கலாம். சேரும் துணியை மலேசியாவுக்குக் கொண்டுபோய்ப் பிரிக்கிறார்கள். கிரீன்ஸ்குவேரும் வெகுகாலமாகத் துணி சேகரிக்கிறது. குறிப்பிட்ட எடைக்கு மேல் இருந்தால் வீட்டுக்கே வந்து எடுப்பார்கள் என்பதால் இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து கொடுப்பது நல்லது. எச்&எம் கடைகளில் எந்த நிறுவனத்தின் துணியையும் போடலாம், யூனிக்லோவில் அவர்கள் துணி மட்டும்.

இந்தத் தொட்டிகளைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். போட்டதெல்லாம் புது நூலாகித் திரும்பி வருவதில்லை. நல்லதைப் பிரித்து வேறு நாடுகளில் பழந்துணியாக விற்பார்கள், அடுத்த தரம் துடைப்புத்துணியாகும், மிச்சம் நாராகவோ எரிபொருளாகவோ போகும். பழந்துணியை எல்லா நாடும் வரவேற்பதில்லை. பக்கத்திலிருக்கும் இந்தோனேசியா இறக்குமதியைத் தடை செய்திருக்கிறது, பிலிப்பீன்சில் 1966இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பிள்ளைத்துணியில் இன்னொரு சங்கடம்: ஒரு சின்னச் சட்டையிலேயே பருத்தி, எலாஸ்டிக், உலோகப் பட்டன், ரப்பர் படம் எல்லாம் கலந்திருக்கும், நூலாகப் பிரிக்க வழி குறைவு. அதனால்தான் தொட்டியை நான் மூன்றாம் இடத்தில் வைக்கிறேன்.

ஆனாலும் குப்பைக்குழாயைவிட அது எவ்வளவோ மேல். 2021இல் சிங்கப்பூரில் சேர்ந்த துணிக்கழிவு 189,000 டன், அதில் மறுசுழற்சிக்குப் போனது 4 விழுக்காடு. மற்றதில் பெரும்பகுதி எரிஆலைக்குப் போய்ச் சாம்பலாகி செமாக்காவ் தீவுக்குப் படகேறியது. 1999இல் திறந்த அந்த நிரப்புநிலம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள்.

கராங் குனிக்காரர் (வீடு வீடாக வந்து பழைய சாமான் வாங்குபவர்) எடுப்பாரா?

எடுப்பார், எடைக்கு. பிள்ளைத்துணிக்கு எடை ஏது? பழைய செய்தித்தாளோடு சேர்த்துக் கொடுத்தால் சில காசு வரும். கீழே ஹாரன் கேட்டதும் ஓடிப்போய்க் கூப்பிடும் சுகத்துக்காக வேண்டுமானால் கொடுக்கலாம்.

பணிப்பெண்ணுக்குக் கொடுக்கலாமா?

அவர் ஊரில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால், அவர் வேண்டும் என்றால். பரப்பிவைத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஊருக்குப் பெட்டி அனுப்பும் செலவு அவருடையது, எடைக்கோ அளவுக்கோ காசு. நாம் தள்ளிவிடும் துணிக்கு அவர் சம்பளத்திலிருந்து கட்டணம் கட்டுவது நியாயமா? கொடுப்பதென்றால் அனுப்பும் செலவில் ஒரு பங்கையும் கொடுங்கள். துணியைச் சம்பளத்திலோ போனஸிலோ கழித்துப் பேசுவது அசிங்கம். அப்படிப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு அனுப்பினால் என்ன?

யாராவது ஊருக்குப் போகும்போது பெட்டியில் மிச்சமிருக்கும் இடத்தில் நாலு நல்ல செட் வைத்து அனுப்புங்கள். அதற்கென்று தனியாகச் சரக்குக்கட்டணம் கட்டி அனுப்புவது வீண். அந்தக் காசுக்கு ஈரோட்டிலும் திருப்பூரிலும் புதுத்துணியே வாங்கலாம். நாம் இங்கே வாங்கும் பின்னலாடை பலதும் திருப்பூரில் தைத்ததுதான், லேபிளைத் திருப்பிப் பாருங்கள்.

கிராமத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது செயற்கை நூல் துணியைத் தவிருங்கள். வெயிலுக்குப் பருத்திதான்.

பட்டுப்பாவாடை, குட்டி வேட்டி, ஜிப்பா எல்லாம் இரண்டு முறைகூடப் போடவில்லையே?

இவற்றைப் பொதுத்தொட்டியில் போடாதீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு மாதம் முன்பு நம்மவர் குழுக்களில் போட்டால் அன்றைக்கே போய்விடும். பாலர் பள்ளி ஆசிரியரிடமும் கேளுங்கள். ஜூலையில் இன நல்லிணக்க நாள் வரும், பாரம்பரிய உடை இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்க அவர்கள் தேடுவார்கள். வகுப்புக்கு ஒரு குட்டி வேட்டி இருந்தால் எந்த இனத்துப் பிள்ளையும் கட்டிப் பார்த்துச் சிரிக்கும்.

சரிகைத் துணியைத் தண்ணீரில் ஊறப்போடாமல் நிழலில் காற்றாட விட்டு, வெள்ளைப் பருத்தித்துணியில் சுற்றி வையுங்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி பருத்திக்குத்தான், பட்டுக்குப் பிளாஸ்டிக் ஆகாது. மாதம் ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். கிறிஸ்துவ வீடுகளில் ஞானஸ்நான உடைக்கும் இதே பக்குவம்தான். அது தலைமுறை தாண்டிக் கைமாறக்கூடியது, யாரிடம் இருக்கிறது என்று குடும்பத்தில் எல்லாரும் தெரிந்துவைத்திருங்கள்.

கிழிந்தது, கறை போகாதது?

கத்தரியை எடுங்கள். மெல்லிய பருத்தி நாப்பியைவிட நல்ல துடைப்புத்துணி கடையில் கிடையாது: கண்ணாடி, மேசை, காற்றாடி இறக்கை எதற்கும். ரொம்பரைத் தையல் ஓரம் வெட்டி விரித்தால் இரண்டு கைத்துணி. பட்டனையும் எலாஸ்டிக்கையும் முதலில் எடுத்துவிடுங்கள், தரை கீறும். கை துடைக்க, அடுப்புமேடை துடைக்க, கடைசியாகக் கழிவறை என்று இறங்குவரிசையில் பயன்படுத்திவிட்டுக் குப்பைக்கு அனுப்பினால் குற்றவுணர்ச்சி வேண்டியதில்லை. விலங்குக் காப்பகங்கள் பழைய துண்டும் போர்வையும் கேட்பதுண்டு, பிள்ளையின் குளியல் துண்டுகளை அங்கே கொடுக்கலாம்.

நினைவுக்கு எத்தனை வைத்துக்கொள்வது?

ஒரு காலணிப்பெட்டி கொள்ளும் அளவு. எந்தச் சட்டை என்று தீர்மானிக்க முடியாவிட்டால், படங்களில் அதிகம் வரும் சட்டையை வையுங்கள். எல்லாவற்றையும் வெட்டிப் போர்வையாகத் தைத்துத் தரும் தையல்காரர்களும் இருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெட்டிய துணியை வேறொரு பிள்ளை போட முடியாது என்பதால் எனக்கு மனம் வருவதில்லை. கறைபட்டதைக் கொண்டு தைத்தால் சரி.

தொட்டில், கார் இருக்கை, ஸ்டெரிலைசர் எல்லாம் இதே வழியில் கொடுக்கலாமா?

தொட்டிலைக் கொடுக்கலாம், எல்லாத் திருகாணிகளையும் ஒரு பையில் போட்டுப் பக்கத்தில் கட்டிக் கொடுங்கள். வாங்க ஆளில்லை என்றால் வீவக வீட்டுக்காரர்கள் நகர மன்றத்தை அழைத்து, பெரிய பொருள்களை அகற்றும் சேவையைக் கேட்கலாம். கார் இருக்கையின் அடியில் பெரும்பாலும் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். அது தாண்டியிருந்தாலோ விபத்தில் சிக்கியிருந்தாலோ யாருக்கும் கொடுக்காதீர்கள். வாரை வெட்டிவிட்டு எறியுங்கள், வேறு யாரும் எடுத்துப் பூட்டாமல் இருக்க. ஸ்டெரிலைசரில் உப்புப்படிவை வினிகர் ஊற்றி எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். பால்புட்டிக் காம்புகளைக் கொடுக்க வேண்டாம், புதிது வாங்கிக்கொள்ளட்டும்.